மிளகாய்ப் பாத்திக்குப் பக்கத்தில் செவ்வந்தி: வன்னியில் புதிதாகத் தோட்டம் செய்வோருக்கு

விதைப் பைக்கற்றில் பந்துபோல உருண்ட பூவின் படத்தைப் பார்த்து வாங்கினால், மண்ணில் கைவைக்க முன்பே பாதி வேலை பிழைத்துவிடும். மாலை கட்டுவதற்கு அந்தப் பூதான் தோது. நாம் செவ்வந்தி வைப்பதோ பயிரைக் கெடுப்பவற்றைத் தின்னும் நல்ல பூச்சிகளை அழைக்க. அவற்றுக்கு அது பூட்டிய கடை.

ஒரு பூவை விரல்நுனியால் பிய்த்துப் பாருங்கள். வெளியே இதழ் மாதிரித் தெரியும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவில் மஞ்சள் குழாய்போல நெருக்கமாக நிற்பவையும் பூக்கள்தான். தேனும் மகரந்தமும் கிடைப்பது பெரும்பாலும் அங்கே. ஒற்றை அடுக்குப் பூவில் அந்த நடுப்பகுதி திறந்து கிடக்கும். பல அடுக்குப் பூவில் குழாய்ப் பூக்கள் பெரும்பாலும் இதழாகவே மாறியிருக்கும், மிச்சம் இருப்பதும் இதழ்களுக்குள் புதைந்துபோகும். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சி எப்படியும் சமாளித்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய பூச்சிகளுக்கோ வாய் குட்டை.

பெயரையும் தெளிவாக்கிக்கொள்வோம். செவ்வந்தி என்று நம் பக்கத்தில் இரண்டு மூன்று பூக்களைச் சொல்வார்கள். இங்கே பேசுவது மேரிகோல்ட். தமிழ்நாட்டில் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்பது, சிங்களத்தில் தாஸ்பெத்தியா என்பது. சாடியில் வளர்க்கும் கிரிசாந்திமம் வேறு. சந்தேகம் இருந்தால் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஓரத்தில் ஊசி குத்தியதுபோல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் காரமான மணம் அவற்றிலிருந்துதான். சிறு கன்றாக இருக்கும்போது பார்த்தீனியத்தையும் செவ்வந்தியையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பார்த்தீனியத்தில் இந்தப் புள்ளியும் இல்லை, இந்த மணமும் இல்லை; இலை நரைத்த பச்சையாக, மயிர் அடர்ந்து இருக்கும். அதைப் பூக்க முன்னரே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். தோல் ஒவ்வாமை தரும் களை அது.

பூவுக்கும் புழு பூச்சிக்கும் என்ன தொடர்பு

பயற்றங்கொடியின் குருத்தில் கறுப்பாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிதான் அழுக்கணவன். அதைத் தின்பது பெரும்பாலும் வளர்ந்த நல்ல பூச்சி அல்ல, அதன் குடம்பி, அதாவது புழுப் பருவம். அந்தரத்தில் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று விலகும் மஞ்சள் கறுப்பு வரிபோட்ட சின்ன ஈயைப் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் சிர்பிட் ஈ என்று இருக்கும். இந்தக் கட்டுரைக்கு வரி ஈ என்றே வைத்துக்கொள்வோம். தாய் ஈ தேனும் மகரந்தமும்தான் உண்ணும். மகரந்தம் இல்லாவிட்டால் அதற்கு முட்டை முதிராது. பூவில் உண்டுவிட்டுப் போய், அழுக்கணவன் கூட்டத்துக்கு நடுவே முட்டையிடும். பொரித்து வரும் கால் இல்லாத புழு ஒன்று, வளர்ந்து முடிய முன்னர் நூற்றுக்கணக்கான அழுக்கணவனை உறிஞ்சிவிடும்.

மற்றப் பூச்சிகளின் உடம்பில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எறும்பைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. ஒரு சொட்டுத் தேன் கிடைத்தால் பல நாள் உயிரோடிருந்து முட்டையிடும், கிடைக்காவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். தோட்டத்தில் மிளகாயும் கத்தரியும் மட்டும் நின்றால், தாய்ப் பூச்சிக்குச் சாப்பாடு கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் செவ்வந்தியின் வேலை. வாசத்தால் எல்லாப் பூச்சியையும் விரட்டிவிடும் என்று சொல்வதை நம்பி நட்டால் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

கத்தரிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கத்தரிப்பூவிலும் தக்காளிப்பூவிலும் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் உப்புப் போத்தல்போல நுனியில் துளையுள்ள பைக்குள் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்துத்தான் கொட்ட வேண்டும். சாதாரணத் தேனீக்கு அந்தக் கலை வராது. கருவண்டுபோன்ற பெரிய தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலவரி போட்ட தேனீயும் செய்யும். அவற்றுக்கும் தேன் வேறெங்கோ கிடைத்தாக வேண்டும். செவ்வந்தியோடு நாலைந்து துளசியையும் வைத்துப் பூக்கவிடச் சொல்வது இதனால்தான். நீலவரித் தேனீக்குத் துளசிப்பூ என்றால் உயிர்.

எந்த வகை, எவ்வளவு

இரண்டு வகை போதும். ஒன்று குட்டை வகை, பிரெஞ்சு மேரிகோல்ட் என்று விற்பது. ஓர் அடிக்குள் அடங்கும்; மஞ்சளும் செங்கபிலமும் கலந்த சிறு பூ. இதில் ஒற்றை அடுக்கு எளிதாகக் கிடைக்கும். மற்றது ஆபிரிக்க மேரிகோல்ட் என்னும் நெட்டை வகை, மூன்று அடிவரை போகும். பெயர் பிரான்ஸ், ஆபிரிக்கா என்று இருந்தாலும் இரண்டுக்கும் தாயகம் மெக்சிக்கோப் பக்கம்.

பூச்சிக்கென்று நடுவதானால் குட்டை வகையே முதல் தெரிவு. நெட்டை வகையைத் தக்காளிக்கும் கோயில் தேவைக்கும் வையுங்கள். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கோ, ஆவணியில் மடுமாதா திருவிழாவுக்கோ பூ வேண்டுமென்றால், அந்த நாளிலிருந்து பின்னோக்கி எழுபது, எழுபத்தைந்து நாளை எண்ணி அன்றைக்கு நெட்டை வகையின் பல அடுக்கு விதையைப் போடலாம். அதைத் தனிப் பாத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கு வைத்த செடியில் மாலைக்குப் பறிக்கத் தொடங்கினால் இரண்டு காரியமும் கெடும்.

ஒரு பரப்புக் காணிக்கு, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றருக்கு, நாற்பது முதல் ஐம்பது செடி தாராளம். ஒரு கிராம் விதையில் சுமார் 300 விதை இருக்கும், ஆகவே அரைக் கிராமே போதும். பெரிய பைக்கற் வாங்க வேண்டியதில்லை.

எப்போது விதைப்பது

கன்று நடும் அன்றைக்கே செவ்வந்தி விதையையும் போட்டால், பூ வரும்போது அழுக்கணவன் வந்து சாப்பிட்டு முடித்துப் போயிருக்கும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

குட்டை வகை விதைத்ததிலிருந்து 50 முதல் 60 நாளில் பூக்கும். நெட்டை வகைக்கு 65 முதல் 75 நாள். இதைப் பயிரோடு பொருத்திப் பாருங்கள். பயற்றை விதைத்த மூன்றாம் கிழமையளவில் குருத்தில் அழுக்கணவன் ஏறும். அந்த நேரத்தில் பூ நிற்க வேண்டுமென்றால், பயற்றை ஊன்ற ஐந்து கிழமைக்கு முன்பே செவ்வந்தி விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மிளகாய் நாற்றுமேடையில் ஒரு மாதம் நிற்கும். அதற்கு நாற்றுமேடை போடுவதற்கு இரண்டு கிழமை முந்தினால் சரி.

வன்னியின் மழையோடு சேர்த்துச் சொன்னால் கணக்கு இப்படி வரும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் திறந்தவெளியில் செவ்வந்தி நடுவது வீண். வேர் அழுகும், பூ நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். மார்கழி நடுப்பகுதியில் பொலித்தீன் கூரைக்குக் கீழ் நாற்றுப் போட்டு, மழை ஓய்ந்த தையில் வெளியே நடுங்கள். மாசி, பங்குனி முழுவதும் பூ நிற்கும். தோட்டத்தில் மரக்கறி நிறைந்து நிற்கும் காலமும் அதுதான். சிறுபோகத் தோட்டத்துக்கு மாசியின் பிற்பகுதியில் விதைக்கலாம். ஆனால் வைகாசியில் சோளகம் எழும்பிவிடும். நெட்டைச் செடி அந்தக் காற்றில் கணுவோடு முறியும், ஆகவே அந்தப் போகத்தில் பூச்சிக்கென்று வைப்பது குட்டை வகை மட்டும்.

ஒரே நாளில் எல்லா விதையையும் போடாதீர்கள். மூன்றாகப் பிரித்து நான்கு கிழமைக்கு ஒரு முறை போட்டால் பூ இடைவிடாமல் இருக்கும்.

நாற்றுமேடை

மூன்றடி நீளம், இரண்டடி அகலம் போதும். செம்மண், மணல், அரித்த கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேடை கட்டுங்கள். நாற்றழுகல் முன்பு வந்த இடமானால், வைக்கோலும் உமியும் பரப்பி மேடையின் மேல் எரித்து, சாம்பலைக் கிளறி ஆறவிட்டு, மறுநாள் விதையுங்கள்.

விரலால் கோடு கீறி, கோட்டுக்குக் கோடு இரண்டு அங்குலம் விட்டு, விதையைப் படுக்கவைத்து, அரைச் சென்ரிமீற்றர் மண்ணால் மூடுங்கள். ஆழமாகப் போனால் முளை மேலே வராது. விதை கறுப்பு ஊசிபோல, ஒரு முனையில் வைக்கோல் நிற வாலோடு இருக்கும். வாலை வெட்டத் தேவையில்லை. மேலே கிடுகு அல்லது வைக்கோல். பூவாளியால் காலை மாலை தெளியுங்கள்.

நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். முதல் முளை தலைகாட்டிய அன்று பின்னேரமே கிடுகை எடுத்துவிட வேண்டும். “இன்னும் நாலு முளைக்கட்டும்” என்று ஒரு நாள் பிந்தினால் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு, பிறகு சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்ததைக் காப்பாற்றப் பார்ப்பதைவிடப் புதிதாக விதைப்பது விரைவு. முளைத்தபின் காலையில் ஒரு முறை தண்ணீர் போதும். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரம் நின்றால் தண்டின் அடி கறுத்து விழும்.

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். மேடையைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டு, நனைந்தால் மறுபடி போடுங்கள். கோழிக்கும் மயிலுக்கும் பழைய மீன்வலை.

நடுவது

நாற்றில் மூன்று நாலு சோடி இலை வந்ததும், அதாவது 20 முதல் 25 நாளில், நடலாம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு நடுங்கள். அதற்கு முன் மண்ணைப் பாருங்கள். வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துச் செம்மண்ணிலும் கபிலச் செம்மண்ணிலும் சாதாரணப் பாத்தி போதும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் தண்ணீர் தேங்கும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும்; அங்கே ஓரடி உயர மேட்டுப்பாத்தியும் மேலே வைக்கோல் மூடாக்கும் கட்டாயம். முல்லைத்தீவுக் கரையோர மணலில் கூட்டெருவை இரட்டிப்பாக்குங்கள்.

குழிக்கு இரண்டு கைப்பிடி கூட்டெரு அல்லது மக்கிய மாட்டெரு. அவ்வளவுதான் பசளை. யூரியாவைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். மிளகாய்க்கு யூரியா தூவும்போது செவ்வந்தியின் அடியிலும் ஒரு பிடி விழுந்தால், செடி கரும்பச்சையாக இடுப்பளவு வளரும், பூ நாலைந்துதான் வரும். போதாக்குறைக்கு அந்தக் கொழுத்த குருத்துக்கு அழுக்கணவன் தானாக ஏறும்.

குட்டை வகைக்குச் செடிக்குச் செடி ஓரடி, நெட்டை வகைக்கு ஒன்றரை அடி. தோட்டமெங்கும் ஒவ்வொன்றாகத் தூவி நடுவதைவிட ஐந்தாறு செடியைக் கூட்டமாக நடுவது நல்லது. பறந்துவரும் பூச்சிக்கு நிறத்திட்டாகத் தெரியும், ஒரே இடத்தில் நின்று நிறையப் பூவில் உண்ணவும் வசதி. ஒரு பரப்புக்கு எட்டுக் கூட்டம் என்று வைத்து, பாத்தியின் தலைமாட்டிலும் வாய்க்கால் வரம்பிலும் வையுங்கள். எந்தப் பயிர்ச் செடியும் ஏதாவது ஒரு கூட்டத்திலிருந்து ஐந்தாறு மீற்றருக்குள் இருக்கும்படி பாருங்கள், ஏனெனில் சின்னக் குளவிகள் வெகுதூரம் பறக்காது. மிளகாய்க் கன்றுக்கு ஓரடிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பூவரசு, வேம்பு நிழலும் கூடாது. ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

அதே கூட்டத்தில் இடையிடையே கொத்தமல்லியும் எள்ளும் தூவிவிடுங்கள். நம்முடைய வெக்கையில் கொத்தமல்லி இலை தர முன்னரே பூத்துவிடும் என்பது எல்லோருடைய முறைப்பாடு. இங்கே அந்தக் குறையே நமக்கு லாபம்: குடைபோல விரியும் அந்த வெள்ளைப்பூவில் தேன் மேலாகவே இருக்கும், குட்டை வாய்க் குளவிக்கு செவ்வந்தியைவிடவும் அது தோது. வேலியோரத் தும்பையையும் வெட்டித் தள்ளாதீர்கள்.

வளரும்போது

நட்ட முதல் கிழமை தினமும் தண்ணீர். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, சோளகத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் போதும். குளத்து வாய்க்காலில் தண்ணீர் முறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். அடியில் ஊற்றுங்கள். பூவின் தலையில் ஊற்றினால் மகரந்தம் நனைந்து வீணாகும், பூவும் அழுகும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். ஆனால் கிள்ளிய செடி ஒன்றிரண்டு கிழமை பிந்தித்தான் பூக்கும். ஆகவே பாதியைக் கிள்ளுங்கள், பாதியை விடுங்கள். முதற்பூ கிள்ளாத செடியிலிருந்து, அடுத்த அலை கிள்ளிய செடியிலிருந்து.

வாடிய பூவை நாலைந்து நாளுக்கு ஒரு முறை காம்போடு கிள்ளுங்கள். விட்டுவைத்தால் செடி விதைக்குப் பாடுபடத் தொடங்கிப் பூவைக் குறைத்துவிடும். வாடிய பூ, சாறு உறிஞ்சும் பனிப்பூச்சிக்கும் (திரிப்ஸ்) நல்ல ஒளிப்பிடம்.

வெயில் காலத்தில் பக்கத்தில் தண்ணீரும் வையுங்கள். தட்டையான மண்சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் விட்டால் தேனீயும் குளவியும் மூழ்காமல் குடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டி மாற்ற வேண்டும். சிரட்டையில் வைத்து மறந்துபோனால் டெங்கு நுளம்புக்குத்தான் வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

யார் நண்பன், யார் பகைவன்

காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் குந்தியிருங்கள். பூவை ஒரு வெள்ளைத்தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பவை விழும். நீளமாக, மஞ்சளாக, தூசிபோல நெளிவது பனிப்பூச்சி. அதற்கு நடுவே முட்டைவடிவில், கறுப்பும் வெள்ளையுமாக, 2 மில்லிமீற்றர் அளவில் விறுவிறென்று ஓடுவது அதை உறிஞ்சும் மூட்டுப்பூச்சி வகை. செவ்வந்திப் பூவுக்குள் கொஞ்சம் பனிப்பூச்சி இருப்பதைக் கண்டு உடனே மருந்து எடுக்கக் கூடாது. அதைத் தின்ன வந்தவர்தான் மிளகாய்க்கும் போகப்போகிறவர்.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் குடம்பியை யாருக்கும் தெரியாது. கறுப்பில் செம்மஞ்சள் புள்ளிகளோடு, சின்ன முதலைபோல, ஆறு காலால் இலையில் ஓடித்திரியும். புழு என்று நினைத்து நசுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். மறுபக்கம், பொறிவண்டு என்று நினைத்துக் காப்பாற்றப்படும் ஒரு களவாளியும் இருக்கிறான். கத்தரியிலும் பாகலிலும் இருக்கும் அந்த வண்டு பளபளக்காது, மெல்லிய மயிரால் மங்கலாக இருக்கும், முதுகில் 28 புள்ளிவரை எண்ணலாம். அதன் குடம்பி மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று வலைபோல ஆக்கிவிடும். இரண்டின் முட்டையும் இலைக்குக் கீழ் மஞ்சள் கூட்டமாக நிற்பதால் முட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழுக்கணவனுக்குப் பக்கத்தில் இருந்தால் விடுங்கள், கத்தரி இலையில் சுரண்டலோடு இருந்தால் நசுக்குங்கள்.

மயிர்போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் வெள்ளை முட்டை, கண்ணாடிச் சிறகுள்ள பச்சைப் பூச்சியுடையது. நல்லவர். அழுக்கணவன் கூட்டத்தில் சில மட்டும் ஊதி, பொன்கபில நிறமாக அசையாமல் ஒட்டியிருந்தால், உள்ளே குளவியின் குஞ்சு இருக்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் அது வெளியேறிவிட்டது. இதைக் கண்டபின் அந்தக் குருத்துக்கு மருந்து அடிப்பது, வேலைக்கு வந்தவரை வாசலில் வைத்து அடிப்பதுபோல.

அழுக்கணவன் வந்து பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகுதான் இவர்கள் பெருகுவார்கள். அந்த இடைவெளி பொறுமைக்குச் சோதனை. மிகவும் மொய்த்த குருத்தை மட்டும் கிள்ளி எடுங்கள் அல்லது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். அழுக்கணவன் சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பொறிவண்டையும் குளவியையும் துரத்திவிடும். எறும்பின் பாதையைக் குலைத்துச் சாம்பல் போட்டாலே மாற்றம் தெரியும்.

எங்கே பிழைக்கும்

இலைச்சாற்றை உறிஞ்சும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் செஞ்சிற்றுண்ணிதான் முதல் தொல்லை. சோளகத்தின் வறட்சியில் செவ்வந்தி அதற்கு அழைப்புக் கடிதம். இலையில் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள், பிறகு தவிட்டு நிறம், முற்றினால் நுனியில் மெல்லிய வலை. அங்கிருந்து வெண்டிக்கும் கத்தரிக்கும் பயற்றைக்கும் நடந்தே போய்விடும். கிழமைக்கு இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்திலேயே அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சினால் அடங்கும். வலை கட்டிய செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். உரப்பையால் மூடிப் பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கையில் தூக்கிக்கொண்டு பாத்தி நடுவே நடந்தால் நீங்களே பரப்பிவிடுவீர்கள். என்னவென்று பிடிபடாவிட்டால் இலையைப் பொலித்தீன் பையில் போட்டுக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம்.

இரண்டாவது, மருந்து. ஒரு பக்கம் செவ்வந்தியால் அழைத்துவிட்டு மறுபக்கம் நாசினி அடித்தால், பூ ஒரு பொறிதான். முக்கியமாக இமிடாக்குளோபிரிட்போன்ற ஊடுருவும் நாசினிகள் செடிக்குள் ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் வரும். அடித்த நாள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கடையில் பூத்த கன்றாக வாங்குவதைவிட விதையிலிருந்து வளர்ப்பது இந்தக் காரணத்தாலும் நல்லது. வேறு வழியில்லை என்றால் வேப்பம்விதைக் கரைசல்: இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, அன்றே, தேனீ அடங்கியபின் மாலையில், தாக்கம் உள்ள பயிருக்கு மட்டும். வேம்பு என்பதற்காகப் பூவின் மேலும் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

செவ்வந்தியால் முடியாதவற்றையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். கத்தரியின் தண்டு காய் துளைப்பானுக்கு வாடிய குருத்தைத் தினமும் வெட்டி அழிப்பதுதான் வழி. மிளகாய் இலைச்சுருளல் வந்துவிட்ட செடியைப் பூ எதுவும் மீட்காது. பாகல், பீர்க்கின் பழ ஈக்குக் காயை உறையிட்டு மூடுவதே நல்லது.

தக்காளிக்கும் வேர்முடிச்சுக்கும்

தக்காளிக் காயைத் துளைக்கும் பச்சைப் புழுவின் அந்துப்பூச்சி, செவ்வந்தி மொட்டில் முட்டையிட விரும்பும். இந்திய ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைத்த கணக்கு: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை நெட்டைச் செவ்வந்தி, 25 நாள் தக்காளி நாற்றும் 45 நாள் செவ்வந்தி நாற்றும் ஒரே நாளில் நடுவது. அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். வீட்டுத் தோட்டத்தில் பதினாறு வரிசை எங்கே இருக்கிறது, தக்காளிப் பாத்தியைச் சுற்றி ஒரு வரிசை வைத்தால் சரி. ஆனால் துளை விழுந்த மொட்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடாவிட்டால், அது பொறியாக இல்லாமல் புழுப்பண்ணையாகிவிடும்.

வேர்முடிச்சுப் புழு என்பது வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத மண்புழு அல்லாத நூற்புழு. அதற்கு இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டுப் பயனில்லை. பிடுங்கிய தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால், அந்தப் பாத்தி முழுவதும் குட்டைச் செவ்வந்தியை அரையடிக்கு ஒன்றாக அடர்த்தியாக நட்டு, களை இல்லாமல் இரண்டு மூன்று மாதம் விட்டு, பிறகு வெட்டி மண்ணோடு கொத்திவிட வேண்டும். புழுவை அழிக்கும் பொருள் உயிருள்ள வேரில் இருப்பதால், பூவைக் கொண்டுவந்து பாத்தியில் கொட்டுவது அந்த வேலையைச் செய்யாது. களையில் புழு தப்பிப் பிழைக்கும், ஆகவே களை எடுப்பதும் இதில் பாதி.

விதை எடுப்பது

ஒற்றை அடுக்கு விதை கிடைக்கவில்லை என்றால் நீங்களே உருவாக்கலாம். பல அடுக்கு விதையைப் போட்டாலும் பல சமயம் சில செடி ஒற்றைப் பூ விடும். பூத்த அன்றே அவற்றின் காம்பில் நூல் கட்டி வையுங்கள். அந்தச் செடியில் முதல் அலைப் பூ இரண்டு மூன்றைக் கிள்ளாமல் விடுங்கள். தலை முழுவதும் தவிட்டு நிறமாகி, காம்பும் காய்ந்தபின், வெயில் ஏறிய நேரத்தில் பறித்துப் பிரித்தால் கறுப்பு விதை கையோடு வரும். அடி வெளிறியிருந்தால் முற்றவில்லை. கோயில் மாலையிலிருந்து எடுக்கும் விதை முளைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். மாலைப்பூவை முற்ற முன்னரே பறித்துவிடுகிறார்கள்.

நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, கடதாசி உறையில் போட்டு, வகையையும் மாதத்தையும் எழுதி, மூடி இறுகும் போத்தலில் வையுங்கள். நம் வெக்கையில் ஒரு வருடத்துக்கு மேல் முளைதிறன் வேகமாக இறங்கும். விதைக்க முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஒரு கிழமையில் ஏழாவது முளைத்தால் அப்படியே போடலாம், நாலைந்துதான் முளைத்தால் இரட்டிப்பாகத் தூவுங்கள்.